சால்மன் மீனும் மின் அடையாளமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்குப் பாகத்திலுள்ள கொலம்பியா ஆற்றில் சால்மன் என்னும் மீன் நன்னீரில் பொரித்து, இளம் பருவத்தில் கடலுக்குச் சென்று, வளர்ந்தபின் முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்புகிறது. கடலுக்குச் செல்லும் வழியில் குஞ்சுகளுள் பெரும்பகுதி மாண்டுபோகின்றன. அணைகளில் மாண்டவை எத்தனை, பறவைகள் தின்றவை எத்தனை என்பது நெடுங்காலம் ஊகமாகவே இருந்தது.

இதனை அறியும் பொருட்டு, 1987-ஆம் வருஷம் முதல் அங்கே ஒரு மின் அடையாளம் கையாளப்பட்டு வருகிறது. இது ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் நீளமுள்ள சிறு கண்ணாடிக் குப்பி. இதனை ஊசியின் மூலம் குஞ்சின் வயிற்றினுள் செலுத்துவர். இதில் பாட்டரி கிடையாது. அணையின் மீன்வழியில் அமைத்துள்ள கம்பிச்சுருளைக் குஞ்சு கடக்கையில், குப்பி அச்சுருளிலிருந்து சக்தி பெற்றுத் தனக்குரிய எண்ணை அறிவிக்கும். இன்ன மீன் இன்ன அணையை இன்ன நாளில் கடந்தது என்று இதனால் தெரியவரும்.

மீனைப் பறவை தின்றாலும் குப்பி சீரணமாவதில்லை. வெளிப்பட்டுக் கூட்டருகே கிடக்கும். குஞ்சு பொரிக்கும் காலம் முடிந்து பறவைகள் அகன்றபின், தரைமேல் கருவியைச் செலுத்தி எண்களைச் சேகரிப்பர். எனினும், கிடைத்தவற்றை மட்டும் எண்ணுதல் போதாது. சில குப்பிகள் காற்றாலும் நீராலும் அகன்றுவிடும். ஆகையால், எண் தெரிந்த குப்பிகள் சிலவற்றைத் தாமே அங்கே தூவி, அவற்றுள் எத்தனை திரும்பக் கிடைக்கின்றன என்று கண்டு கணக்கைத் திருத்துவர்.

இவ்வாற்றின் முகத்துவாரத்தில், தூர்வாரிய மண்ணைக் கொட்டியதால் உண்டான ரைஸ் தீவில், காஸ்பியன் ஆலா என்னும் பறவைகள் ஆயிரக்கணக்கில் கூடு கட்டின. அவை அலகில் கொணரும் இரையைக் கவனித்ததில், 2000-ஆம் வருஷத்தில் நூற்றுக்கு 90 பங்கு சால்மன் இனக் குஞ்சுகளாயிருந்தன. பறவைகளைக் கொல்லாமல், பொம்மைப் பறவைகளையும் பதிவு செய்த குரலையும் கொண்டு, கடலை அடுத்துள்ள ஈஸ்ட் சேண்ட் தீவுக்கு அவற்றை 1999 முதல் 2001 வரை ஈர்த்தனர். அங்கே கடல் மீன்களும் கிடைத்தமையால், அதே 2000-ஆம் வருஷத்தில் அத்தீவில் அப்பங்கு 47 ஆகவே இருந்தது.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. தின்னப்பட்ட குஞ்சுகள் யாவும் இல்லாவிடில் பிழைத்திருக்கும் என்று கொள்ளலாகாது. நோயுற்றவையும் அடிபட்டவையும் எளிதில் இரையாகும். ஆகவே, கடலிலிருந்து திரும்பும் பெரிய மீன்களின் கணக்கையும் சேர்த்துப் பார்த்தே பலனை நிச்சயித்தல் வேண்டும். கண்ணுக்குப் பட்டதையே நஷ்டத்திற்குக் காரணமென்று துணிந்து பரிகாரம் தேடுவது வீண் செலவாகும். அளந்து அறிந்து செய்வதே பலன் தரும்.