பெற்றோருக்காகப் பழைய எஸ்.யூ.வி. வாங்கும்போது கவனிக்க வேண்டியவை



இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் நம் பிள்ளைகள் கார் செய்யும் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் வீட்டில் வயதான அத்தாவும் அம்மாவும் மருத்துவமனைக்குப் போக இன்னும் ஷேர் ஆட்டோவில் ஏறுகிறார்கள். "நான்கைந்து லட்சத்துக்குள் பெற்றோருக்கு ஒரு பழைய எஸ்.யூ.வி. பார்க்கிறோம், எது நல்லது?" என்று பலர் கேட்பதால் இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

பெற்றோருக்குக் கித்மத் செய்யும் நிய்யத்தில் வாங்கும் வண்டி அவர்கள் உடம்புக்குப் பொருந்த வேண்டும். பிறர் கை கொடுக்காமல் அவர்களால் ஏறி இறங்க முடியுமா என்பதே முதல் கேள்வி. கம்பெனி, நிறம், மைலேஜ் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

1. முதலில் முழங்கால்

தாழ்வான சிறிய காரில் உட்காருவது தரையில் உட்காருவதுபோல. எழும்போது முழு எடையும் முழங்காலில் விழும். மிக உயரமான வண்டியிலோ காலைத் தூக்கி வைத்து, கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி ஏற வேண்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் வேண்டும்.

வீட்டில் எந்த நாற்காலியிலிருந்து அத்தா சிரமமில்லாமல் எழுகிறாரோ, அதன் உயரத்தை டேப் வைத்து அளந்து கொள்ளுங்கள். வண்டி பார்க்கும்போது தரையிலிருந்து சீட்டின் ஓரம் வரை அளந்து பாருங்கள். நாற்காலியைவிடச் சற்று உயரமாக இருக்கலாம், தாழ்வாக இருக்கக் கூடாது. சீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, அப்படியே பின்னால் உட்கார்ந்து, பிறகு கால்களை உள்ளே திருப்ப முடிந்தால் அந்த உயரம் சரி. விளம்பரத்தில் சொல்லும் 'கிரவுண்ட் கிளியரன்ஸ்' வண்டியின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி மட்டுமே. அதை வைத்துச் சீட்டின் உயரத்தை முடிவு செய்ய முடியாது.

பின் கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது, வாசல்படியில் கால் தடுக்குகிறதா, பிடிக்கக் கைப்பிடி இருக்கிறதா என்றும் பாருங்கள். பக்கவாட்டில் படி பொருத்தினால் உயரம் குறைந்த அம்மாவுக்கு உதவும். ஆனால் குறுகலான படியில் புர்காவின் ஓரம் சிக்கும், இறங்கும்போது கெண்டைக்காலில் இடிக்கும். எனவே பெற்றோரை நேரில் அழைத்துச் சென்று, ஐந்து முறை ஏறி இறங்கச் சொல்லிவிட்டு விலை பேசுங்கள்.

2. நம் பகுதியில் பிறந்த வண்டிகள்

இந்த விலையில் அதிகம் கண்ணில் படும் மூன்று வண்டிகள் நம் சுற்றுவட்டாரத்தில் செய்யப்பட்டவையே.

ரெனோ டஸ்டர்: 2012 முதல் ஒரகடத்தில் தயாரானது. நீளம் சுமார் 4.3 மீட்டர், பின்பக்க டிக்கி 475 லிட்டர். மடக்கும் சக்கர நாற்காலி வைக்க வேண்டிய வீடுகளுக்கு இது பெரிய வசதி. குண்டும் குழியுமான சாலையை நன்றாகத் தாங்கும். இந்த முதல் டஸ்டர் 2022-இல் நின்றுவிட்டது. டீசல் டஸ்டரில் டைமிங் பெல்ட் மாற்றியதற்கான பில்லைக் கேளுங்கள். பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் இன்ஜினே போய்விடும்.

ஃபோர்டு ஈகோஸ்போர்ட்: 2013 முதல் மறைமலை நகரில் தயாரானது. நான்கு மீட்டருக்குள் அடங்குவதால் குறுகிய தெருக்களுக்கு ஏற்றது. பின் கதவு பக்கவாட்டில் திறக்கும், ஸ்டெப்னியும் அதன் மேலேயே இருக்கும். சுவரை ஒட்டி நிறுத்தினால் கதவு திறக்காது. ஃபோர்டு இங்கே கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. உங்களுக்கு அருகில் சர்வீஸ் எங்கே, பாகம் எத்தனை நாளில் வரும் என்று விசாரித்த பிறகே வாங்குங்கள்.

ஹூண்டாய் கிரெட்டா: 2015 முதல் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகிறது. சர்வீஸும் பாகங்களும் எளிது. அதனாலேயே பழைய வண்டிக்கும் விலை இறங்காது. கைப்பணத்துக்குள் வரும் கிரெட்டா பெரும்பாலும் அதிகம் ஓடியதாகவோ அடிப்படை மாடலாகவோ இருக்கும்.

3. பாதுகாப்பு

ஒரகடம் சாலையில் நம் பெற்றோர் போவது கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில். குளோபல் என்கேப் அமைப்பு 2017-இல் இந்தியாவில் தயாரான டஸ்டரை மோதிப் பார்த்தபோது, ஏர்பேக் இல்லாத மாடலுக்கு பூஜ்ஜிய நட்சத்திரமும், ஓட்டுநர் ஏர்பேக் உள்ள மாடலுக்கு 3 நட்சத்திரமும் கிடைத்தன. பெயர் ஒன்றுதான், ஆனால் மாடலுக்கு மாடல் பாதுகாப்பு வேறு.

எல்லா கார்களுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது 2019 ஏப்ரலில். ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமானது அதே ஆண்டு ஜூலையில். அதற்கு முந்தைய வண்டியில் இவை இருக்கும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். முன்பக்கம் இரண்டு ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் இல்லாத வண்டியை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். பின் சீட்டில் உட்காரும் பெற்றோரும் பெல்ட் போட வேண்டும்.

4. பெட்ரோலா, டீசலா?

மாதம் சில முறை மருத்துவமனை, ஜும்ஆ, உறவினர் வீடு என்று குறைந்த தூரம் ஓடும் வண்டிக்குப் பெட்ரோலே போதும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. நெடுஞ்சாலையில் சீராக ஓடினால்தான் அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். தெருவுக்குள்ளேயே ஓட்டினால் அடைத்துக்கொண்டு பெரிய செலவு வைக்கும்.

5. மறைந்திருக்கும் குறை

கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது ஈரம் தட்டுப்பட்டதையும், நனைந்ததை மறைத்து விற்றதை அவர்கள் கண்டித்ததையும் நாம் மத்ரஸாவிலேயே படித்திருக்கிறோம். மறைந்த குறை தெரியவந்தால் பொருளைத் திருப்பித் தரும் உரிமையை ஃபிக்ஹு நூல்கள் 'கியாருல் ஐப்' என்கின்றன. கார் வியாபாரத்திலும் பெரிய ஐப் தண்ணீர்தான். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. கழுவித் துடைத்துவிட்டால் வெளியே தெரியாது.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு இருக்கும். தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்திலும் சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகளிலும் துரு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் இல்லையென்றால் என்ன கிளெய்ம் என்று கேளுங்கள். மீட்டரில் 40,000 கிலோமீட்டர் காட்டி, பிரேக் பெடலும் ஸ்டீயரிங்கும் வழவழவெனத் தேய்ந்திருந்தால் மீட்டரைச் சந்தேகியுங்கள். சர்வீஸ் பில்களில் உள்ள கிலோமீட்டரோடு ஒப்பிடுங்கள்.

ஆலையின் பெயின்ட் ஷாப்பில் வேலை பார்க்கும் பிள்ளை மறு பெயின்ட்டைக் கண்டுபிடிப்பார். இன்ஜினையும் சஸ்பென்ஷனையும் பார்க்க, விற்பவருக்கு வேண்டியவராக இல்லாத ஒரு மெக்கானிக்கைக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள்.

6. காகிதங்கள்

ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் வண்டியோடு ஒப்பிடுங்கள். எம்பரிவாஹன் செயலியில் பதிவு விவரத்தைப் பாருங்கள். ஃபைனான்ஸ் இருந்த வண்டி என்றால் வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-உம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்குக் கிளெய்ம் மறுக்கப்படலாம்.

சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குத்தான். 2012-இல் பதிவான டஸ்டருக்கு 2027-இல் அது முடிகிறது. புதுப்பிக்க வண்டி தகுதிச் சோதனையில் தேற வேண்டும். 2022 ஏப்ரலில் புதுப்பிக்கும் கட்டணம் 5,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரி தனி.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தேதி போடாமல் கையெழுத்திட்ட படிவத்தைப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

7. பணம்

கையில் 5 லட்சம் இருந்தால் 4 லட்சத்துச் சொச்சத்துக்குள் வண்டி பாருங்கள். டயர், பேட்டரி, இன்சூரன்ஸ், பெயர் மாற்றம் என்று மிச்சம் கரைந்துவிடும். பெரிய வண்டிக்காக வட்டிக் கடனில் இறங்க வேண்டாம். வண்டி தேவையா என்றும் ஒரு கணக்குப் போடுங்கள். மாதம் இரண்டு முறைதான் மருத்துவமனை என்றால், ஒரு நடைக்கு 1,500 ரூபாய் டாக்ஸிக்குக் கொடுத்தாலும் ஆண்டுக்கு 36,000 ரூபாய்தான். வண்டியை ஓட்ட வீட்டில் ஆளே இல்லாதபோது வாசலில் கார் நின்று என்ன பயன்?

இந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, வண்டி பார்க்கப் போகும்போது டேப்பையும் பெற்றோரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். நம் பெற்றோரின் பயணங்களை அல்லாஹ் எளிதாக்கி, அவர்களுக்கு ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.