சுமை காவடியான வரலாறு

தைப்பூசத்தையொட்டி ஆத்தூர், திண்டுக்கல் பகுதி அடியார்கள் பழனிக்குக் காவடி எடுத்து நடப்பது வழக்கம். மலைப்படிகளின் இடையே கோயில் கொண்டுள்ள இடும்பனை முதலில் வணங்கிய பின்னரே முருகனைத் தரிசிப்பது மரபாகும். முருகனோடு போரிட்டவனுக்கு இம்முதன்மை எவ்வாறு வாய்த்தது?

அகத்தியர் ஆணைப்படி சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளைத் தோளில் சுமந்து தெற்கே வந்தவன் இடும்பன். இளைப்பாற இறக்கி வைத்தவனால் மீண்டும் தூக்க இயலவில்லை. சிவகிரியின்மேல் கோலுடன் நின்ற சிறுவனோ அது தன் மலை என்றான். 'இத்தனை தொலைவு சுமந்தவன் நான். உரிமை கொண்டாட இவன் யார்?' என இடும்பன் சினந்தான். இல்லத்திற்காக உழைத்துக் களைத்தவர் எவருக்கும் இச்சினம் புதிதன்று. போரில் அவன் மாண்டான். மனைவி இடும்பி கதறி வேண்ட, முருகன் உயிர் அளித்தருளினான் என்பது ஐதீகம்.

எழுந்த இடும்பன் குன்றைத் திரும்பக் கேட்கவில்லை. மலையில் காவலனாக நிற்கவும், தன்னைப் போலத் தோளில் காவடி சுமந்து வருவோர் அருள் பெறவும் வரம் வேண்டினான். தோளும் அதுவே, சுமையும் அதுவே. 'என் மலை' என்னும் எண்ணம் மட்டும் 'அவன் மலை' என மாறிற்று. பகைத்தவனுக்கே காவல் கிடைத்தது. சக்திகிரி இன்றும் இடும்பன் மலை என்றே வழங்கப்படுகிறது.

நடந்து கால் கொப்பளித்த அடியாரிடம், 'சற்று நேரம் நான் சுமக்கிறேன்' என ஒருவர் கை நீட்டினாலும், அவர் காவடியை எளிதில் கொடுப்பதில்லை.