உண்மைச் செல்வர் யார்?

“பணம் பத்தும் செய்யும்”, “பணம் பாதாளம் மட்டும் பாயும்” என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதத்தில் இதன் உண்மை நம் வீடுகளில் நன்றாகவே விளங்கும். ஆகவே பணம் வெறும் மாயை, அது வேண்டாம் என்று எழுத நாங்கள் முன்வரவில்லை. பணம் தேவைதான். ஆனால் பணம் உள்ளவரெல்லாம் செல்வர்தாமா?

மாற்கு நற்செய்தி 12-ஆம் அதிகாரத்தில் இயேசு எருசலேம் ஆலயத்தின் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்திருக்கிறார். செல்வர் பலர் வந்து மிகுதியாகப் போடுகின்றனர். ஏழைக் கைம்பெண் ஒருத்தி இரண்டு சிறு காசுகளைப் போடுகிறாள். அக்காலத்தில் கூலியாள் ஒருவருக்கு ஒரு நாள் கூலி ஒரு தெனாரியம். அவள் போட்ட இரண்டு காசும் சேர்ந்து அதில் 64-ல் ஒரு பங்குதான்! அவளிடம் இருந்தவை இரண்டு காசுகள் என்பதையும் கவனிக்க வேண்டும். ஒன்றைப் போட்டுவிட்டு மற்றொன்றை முந்தானையில் முடிந்துகொண்டிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். எல்லாரையும்விட அதிகம் போட்டவள் இவளே என்றார் ஆண்டவர். பெட்டியில் விழுந்ததை அல்ல, கையில் மீந்ததையே அவர் கணக்கிட்டார்.

இவ்விடத்தில் எங்களுக்குள் ஓர் ஐயம் எழுந்தது. இருப்பதே இரண்டு காசு என்றால் கொடுத்துவிடலாம். கோடிக் கணக்கில் வைத்திருப்பவர் என்ன செய்வார்? அதற்கு விடையாக ஒரு பெண்மணியின் வாழ்க்கையைப் பார்ப்போம்.

அமெரிக்காவிலுள்ள பிலடெல்பியா நகரில் 1858-ஆம் ஆண்டு கத்தரீன் ட்ரெக்சல் பிறந்தார். தந்தை பெரிய வங்கி முதலாளி. பெற்ற தாய் இவர் பிறந்த சில வாரங்களிலேயே இறந்துபோக, சிற்றன்னை எம்மா இவரைத் தம் சொந்தப் பிள்ளையாகவே வளர்த்தார். (கதைகளில் வரும் சிற்றன்னையரை மட்டுமே அறிந்த நமக்கு இது கேட்க இனிமையாக இல்லையா?) எம்மா வீட்டுக் கதவைத் திறந்து வைத்து ஏழைகளுக்கு உணவும் உடையும் வாடகைப் பணமும் கொடுப்பார், சிறுமிகளும் உடனிருந்து உதவுவார்கள். அந்த எம்மா புற்றுநோயால் மூன்றாண்டுகள் வதைப்பட்டு 1883-ல் மறைந்தார். அருகிலிருந்து பணிவிடை செய்த கத்தரீன், வீட்டிலிருந்த அத்தனை பணத்தாலும் அந்த வலியை வாங்கிக்கொள்ள முடியாததைக் கண்ணாரக் கண்டார். 1885-ல் தந்தையும் இறந்தார். அவர் விட்டுச்சென்ற சொத்து ஏறத்தாழ 1 கோடியே 55 லட்சம் டாலர்.

அமெரிக்கப் பழங்குடி மக்களும் கருப்பின மக்களும் கல்வியின்றித் துன்புற்ற காலம் அது. கத்தரீன் அவர்களுக்குத் தாராளமாகப் பண உதவி செய்தார். 1887-ல் உரோமைக்குச் சென்று திருத்தந்தை 13-ஆம் சிங்கராயரைச் சந்தித்து, அவர்களிடையே பணி செய்ய மறைபரப்பாளர்களை அனுப்புமாறு வேண்டினார். நீயே ஏன் மறைபரப்பாளர் ஆகக் கூடாது என்று திருத்தந்தை திருப்பிக் கேட்டார். கத்தரீன் வெளியே வந்து அழுதாராம்.

அவர் ஏன் அழுதார்? நாங்கள் இதைப் பற்றி நெடுநேரம் பேசினோம். பணம் கேட்டிருந்தால் உடனே கொடுத்திருப்பார். கேட்கப்பட்டதோ அவரையே! எங்கள் வகுப்பிலும் இதைக் காண்கிறோம். மறைபரப்பு நிதி உண்டியலில் காசு போட ஒரு நிமிடம் போதும். அல்ஜீப்ரா புரியாமல் விழிக்கும் தோழியின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க மதிய இடைவேளை முழுவதும் போய்விடும். எது கடினம் என்று எங்களுக்குத் தெரியும். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தப் போகும் தோழியர் எங்களில் சிலர் உண்டு. அவர்களுக்கு வேண்டியது உண்டியல் காசன்று, அந்த இடைவேளைதான்.

கத்தரீன் 1889-ல் துறவறப் பயிற்சிக்குச் சென்றார். 1891-ல் வார்த்தைப்பாடு கொடுத்து, நற்கருணை நாதரின் பெயரால் ஒரு புதிய கன்னியர் சபையைத் தொடங்கினார். மாளிகையில் வளர்ந்தவர் பென்சில்களைக் கட்டையாகும் வரை எழுதித் தீர்த்தார். ஆனால் சுமார் 60 பள்ளிகள் எழுந்தன. நியூ ஆர்லியன்ஸில் 1915-ல் ஒரு பள்ளியாகத் தொடங்கியது 1925-ல் கல்லூரியாக வளர்ந்தது. இன்று அது சேவியர் பல்கலைக்கழகம். நம் முத்துக்குளித்துறையில் கால்நடையாய் நடந்த அதே புனித சவேரியாரின் பெயர்தான்! தம் வாழ்நாளில் கத்தரீன் கொடுத்தது சுமார் 2 கோடி டாலர். எதிர்ப்பும் இல்லாமலில்லை, கருப்பினச் சிறுவர்க்குப் பள்ளி வைத்ததற்காக 1922-ல் டெக்சாஸ் மாநிலத்தில் மிரட்டல்கூட வந்தது.

இந்த வரலாற்றில் எங்களை மிகவும் சிந்திக்க வைத்தது அவர் தந்தையின் உயில். முதலில் பத்தில் ஒரு பங்கு அறநிலையங்களுக்குப் போயிற்று. மீதியின் வருமானம் மட்டும் மூன்று மகளுக்கும் ஆயுள்வரை கிடைக்கும். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லையெனில், கடைசி மகள் இறந்தபின் முதல் முழுவதும் தந்தை குறிப்பிட்ட அதே அறநிலையங்களுக்குச் சேரும். உயில் எழுதிய நாளில் கத்தரீனின் சபை பிறக்கவே இல்லை. ஆகையால் பட்டியலில் அதற்கு இடமில்லை. தம் மூச்சு உள்ளவரை மட்டுமே அந்தப் பணம் தம் பள்ளிகளுக்கு வரும் என்று அன்னைக்குத் தெரியும். தெரிந்தும், வந்ததை ஆண்டுதோறும் கொடுத்துக்கொண்டே இருந்தார். 1935-ல் மாரடைப்பு வந்த பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் மடத்து அறையில் செபத்தில் கழித்து, 1955 மார்ச் 3-ஆம் நாள் தமது 96-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அன்றோடு அந்த வருமானம் நின்றது. 2000-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் திருத்தந்தை 2-ஆம் ஜான் பால் அவரைப் புனிதராக உயர்த்தினார். நியூ ஆர்லியன்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து கருப்பின இளைஞர் பலர் மருத்துவப் படிப்புக்கு இன்றும் போய்க்கொண்டிருக்கிறார்கள்.