கோதுமையும் தோல் கொப்புளமும்: சிறுதானியம் அரைத்து விற்போர் கவனத்திற்கு

உடலில் அரிப்பு கண்டதும் சிலர் கோதுமையை நிறுத்திவிடுகிறார்கள். இது பெரும்பாலும் வீண் பத்தியமே. சிரங்கு கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சியால் வருகிறது. படர்தாமரை பூஞ்சாணத்தால் வருகிறது. களையெடுக்கும்போது பார்த்தீனியம் பட்டாலும் தோல் தடிக்கும். சப்பாத்தியை விட்டுவிட்டால் இவை ஆறிவிடா. ஆயினும், கோதுமையோடு நேரடித் தொடர்புடைய தோல் நோய் ஒன்று உண்டு.

1884-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தோல் மருத்துவர் லூயி டூரிங் இதனை விவரித்தார். பெயர் ‘டெர்மடைடிஸ் ஹெர்பெடிஃபார்மிஸ்’. முழங்கை, முழங்கால், பிட்டம், தலை ஆகிய இடங்களில், இரு பக்கமும் ஒன்றுபோல, சிறு சிறு கொப்புளங்கள் கொத்தாக எழும்பும். எரிச்சலும் அரிப்பும் தாங்க முடியாது. சொறிந்து சொறிந்து கொப்புளம் உடைந்து புண்தான் மிஞ்சும். பார்வைக்கு அக்கி போலத் தோன்றினாலும் இது அக்கி அன்று. காவி எழுதிப் பயனில்லை. பிறருக்கு ஒட்டாது.

காரணம் குளுட்டன் என்னும் புரதம். புரோட்டா மாவு இழுத்த இழுப்புக்கு வருவது இதனால்தான். கோதுமையில் மட்டுமின்றி பார்லி, ரை ஆகியவற்றிலும் இவ்வகைப் புரதம் உண்டு. சம்பா கோதுமைக்கும் விலக்கில்லை. பரம்பரையாக அந்த இயல்புள்ள சிலருடைய உடல் இதனைப் பகையாகக் கருதிச் சிறுகுடலின் உட்சுவரையே சிதைத்துக்கொள்கிறது. இது செலியாக் நோய். 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்து நாட்டில் பஞ்சம் வந்து ரொட்டி கிடைக்காதபோது, இந்நோய் கண்ட குழந்தைகள் தேறினர். ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியது. டிக்கே என்னும் குழந்தை மருத்துவர் இதனைக் கவனித்து, 1950-இல் தம் ஆய்வேட்டில் கோதுமையைக் காரணமாகக் காட்டினார். மேற்சொன்ன தோல் நோயாளிகளின் குடலிலும் அதே சிதைவு இருப்பது 1966-இல் தெரிய வந்தது. வயிற்றுக் கோளாறு சிறிதும் இல்லாதவருக்கும் கொப்புளம் மட்டும் வரலாம்.

நம் நாட்டில் கோதுமை மிகுதியாக உண்ணும் வட மாநிலங்களில் செலியாக் நோய் கூடுதல், தென்னாட்டில் குறைவு.

ஐயம் உள்ளவர் தாமாகக் கோதுமையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லக் கூடாது. நிறுத்தினால் இரத்தச் சோதனையில் நோய் அகப்படாமல் போகலாம். சிறிதளவு தோலை எடுத்தும் சோதிப்பார்கள். டாப்சோன் மாத்திரை சில நாட்களிலேயே அரிப்பைத் தணிக்கும். ஆனால் குடலை ஆற்றாது. சிலருக்கு இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும் மருந்தாதலால் மருத்துவர் மேற்பார்வை தேவை. குளுட்டனை முற்றிலும் விலக்குவதே நிலையான மருத்துவம். தோல் தெளிய மாதக்கணக்கில், சில வேளை இரண்டு ஆண்டுகள்கூட, பொறுக்க வேண்டும்.

அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, மக்காச்சோளம், பயறு வகைகள் ஆகியவற்றில் இந்தக் குளுட்டன் இல்லை. ஆகவே இந்நோயாளிகள் நம் வயல் விளைச்சலை நாடி வருகிறார்கள். வயலில் பிழை நேர வாய்ப்புக் குறைவு. பிழை நேர்வது சாக்கிலும் மாவு மில்லிலும்தான்.

கோதுமை அரைத்த கையோடு அதே எந்திரத்தில் கம்பு அரைத்தால், கல்லிலும் துணிப்பையிலும் ஒட்டிய கோதுமை மாவு கம்பு மாவில் சேரும். முதலில் ஒரு படி அரிசியை ஓட்டிவிட்டால் போதும் என்று எண்ணுவோர் உண்டு. கலப்பு குறையுமே தவிர அற்றுப் போகாது. கோதுமைக்குப் பயன்பட்ட சாக்கு, முறம், சல்லடை யாவும் இதே ஆபத்துள்ளவை. சத்துமாவில் கோதுமை சேர்ப்பதும், கேழ்வரகு சேமியாவில் மைதா கலப்பதும் நடைமுறையில் உள்ளன. கூட்டுப் பெருங்காயத்திலும் மைதா இருக்கலாம். உறையைப் படித்து வாங்க வேண்டும்.

‘குளுட்டன் இல்லாதது’ என்று உறையில் அச்சிட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளுட்டன் இருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. ஒரு கிலோ கம்பு மாவில் ஏறக்குறைய கால் கிராம் கோதுமை மாவு, அதாவது ஒரு சிட்டிகை, விழுந்தாலே அந்த அளவு எட்டிவிடும். தனி எந்திரம் வைத்து, ஆய்வுக்கூடத்தில் மாவைச் சோதித்த உழவர் குழுவே இவ்வாசகத்தை அச்சிடலாம். அந்த வசதி இல்லாதோர் ‘கம்பு மாவு’ என்று மட்டும் போட்டு, இதே மில்லில் கோதுமையும் அரைபடுகிறது என்பதை வாங்க வருவோரிடம் சொல்லிவிட வேண்டும். நோயாளிக்கு மாவாக விற்பதைவிட, கல் நீக்கிய முழுத் தானியத்தைப் புதுச் சாக்கில் கொடுத்து, வீட்டிலேயே கழுவிக் காயவைத்து அரைத்துக்கொள்ளச் சொல்வது பாதுகாப்பானது.