சபையில் எழுந்த விகர்ணன்

பாஞ்சாலியைச் சபைக்கு இழுத்து வந்தபோது பெரியவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். அவள் கேட்ட கேள்விக்கு, தருமம் நுண்ணியது என்று சொல்லிப் பீஷ்மர் விடை கூறாது விட்டார். எழுந்து பேசியவன் துரியோதனனின் தம்பியருள் ஒருவனான விகர்ணன். தன்னையே முதலில் தோற்றவருக்கு மனைவியைப் பணயம் வைக்க ஏது உரிமை என்று கேட்டான். சபையில் ஆரவாரம் எழுந்தது. ஆனால் எவரும் அவன் பக்கத்தில் வந்து நிற்கவில்லை. சிறுவன் என்று சொல்லிக் கர்ணன் அவனை அடக்கிவிட்டான். கண்ணன் சேலை கொடுத்த இடத்திற்கு விரைந்து போய்விடும் நாம் இந்த இடத்தில் சற்றுத் தங்க வேண்டும்.

பக்கத்தில் வந்து நிற்பதையே ஒரு முறையாக வகுத்திருக்கிறார்கள், உகண்டாவில். அதன் பெயர் 'சாசா'. சுவாஹிலி மொழியில் 'இப்போது' என்று பொருள். கம்பாலாவில் அயலில் வாழும் சாதாரண ஆண்களும் பெண்களுமே இதை நடத்தினார்கள். அடிப்பது பிழை என்று உபதேசிப்பதில் அவர்கள் தொடங்கவில்லை. "உன்னிடம் உள்ள அதிகாரத்தை வீட்டில் எப்படிப் பயன்படுத்துகிறாய்?" என்று கேட்டார்கள். 2007 முதல் 2012 வரை எட்டுக் குடியிருப்புகளில் ஆய்வு நடந்தது. இம்முறை நடந்த நான்கு இடங்களில், முந்திய ஓராண்டில் துணைவரிடம் அடிபட்ட பெண்களின் அளவு மற்ற நான்கு இடங்களைவிட 52 சதவீதம் குறைவாக இருந்தது.

இந்தியாவில் 2008இல் 'மணியை அடியுங்கள்' என்ற பொருள்பட ஓர் இயக்கம் தொடங்கியது. அடிக்கும் சத்தம் கேட்டால் அயலவர் அழைப்புமணியை அழுத்தி, பாலோ பந்தோ கேட்க வேண்டும். அவ்வளவுதான். யாரோ கேட்கிறார்கள் என்பது உள்ளே இருப்பவனுக்குத் தெரிந்துவிடும்.

நம்மிடையே வேறொரு வழக்கம் உண்டு. முறைப்பாடு வந்தால் கணவனையும் மனைவியையும் ஒன்றாக இருத்திச் சமாதானம் பேசி, திருநீறு கொடுத்து அனுப்பிவிடுவது. இது நல்லெண்ணத்தில் செய்யப்படுவதுதான். ஆனாலும் ஆபத்தானது என்பதே என் கருத்து. அவர் முன்னிலையில் அந்தத் தங்கை உண்மை பேச மாட்டாள். பேசினால் வீடு திரும்பியபின் அதற்கும் அடி விழலாம். கணவரின் விசாவில் வந்தவளுக்கு, திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் வேறு.

ஆகவே தனியாகப் பேசுங்கள். அவள் சொன்னதை, அவள் சம்மதமின்றி நிர்வாக சபைக்குக்கூடச் சொல்லாதீர்கள். விசா பற்றித் தகுதியுள்ள சட்டத்தரணியிடம் கேட்க உதவுங்கள். மொழிபெயர்க்க உறவினரையோ பிள்ளைகளையோ அழைக்க வேண்டாம். உயிராபத்து என்று தோன்றினால் முதலில் பொலிசைக் கூப்பிடுங்கள், தலைவரைப் பிறகு கூப்பிடலாம்.