முதுமையும் இருதயத் தசையின் கால்ஷியமும்

1882-ஆம் ஆண்டில் லண்டனில் ஸிட்னி ரிங்கர் என்னும் மருத்துவர், தவளையின் இருதயத்தை உடலினின்று பிரித்தெடுத்து, உப்புக் கரைசலில் துடிக்கச் செய்து ஆராய்ந்து வந்தார். கரைசல் காய்ச்சி வடித்த நீரில் தயாரிக்கப்பட்டதென்றே அவர் எண்ணியிருந்தார். உண்மையில் அது குழாய் நீர். தவறு தெரிந்தபின் வடித்த நீரையே பயன்படுத்தியபோது, துடிப்பு விரைவில் தளர்ந்து நின்றுபோயிற்று. குழாய் நீரில் கலந்திருந்த சிறிதளவு கால்ஷியமே இருதயத்தை இயக்கி வந்தது என்பதை 1883-இல் அவர் வெளியிட்டார். பரிசோதனைச் சாலையில் நேரும் பிழைகளில் இவ்வளவு பயன் தருபவை மிகச் சிலவே.

கால்ஷியம் செய்யும் வேலை இன்று தெளிவாகத் தெரிந்திருக்கிறது. மின் தூண்டுதல் இருதயத் தசை உயிரணுவை அடைந்ததும், அதன் சவ்விலுள்ள நுண்வாயில்கள் வழியே சிறிது கால்ஷியம் உட்புகுகிறது. இச்சிறு வரவு, உயிரணுவினுள் வலைபோற் பரந்துள்ள ஸார்க்கோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்னும் சேமிப்பறையின் வாயில்களைத் திறந்துவிடுகிறது. அங்கிருந்து மேலும் மிகுதியான கால்ஷியம் வெளிப்பட்டு, டிரோப்போனின் என்னும் புரோட்டீனுடன் இணைய, தசை சுருங்குகிறது. ஓய்வு நிலையில் உயிரணுவினுள் தனித்துலவும் கால்ஷியத்தின் செறிவு, வெளியே உள்ளதில் ஏறக்குறையப் பதினாயிரத்தில் ஒரு பங்கே. சுருங்கும் வேளையில் அது பத்து மடங்கு வரை உயர்கிறது.

நம் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இத்துடன் நின்றுவிடுகின்றன. ஆனால் தசை மீண்டும் தளர வேண்டுமாயின், வெளிப்பட்ட கால்ஷியம் அத்தனையும் அகற்றப்பட வேண்டும். மனித இருதயத்தில் அதன் பெரும் பகுதியைச் சேமிப்பறைக்கே திரும்ப இறைப்பது ஸெர்க்கா எனப்படும் புரோட்டீன். எஞ்சியது, ஸோடியம் உட்புகுவதற்கு மாற்றாக உயிரணுவை விட்டு வெளியேற்றப்படுகிறது. இரண்டு கால்ஷியம் அயனிகளை இறைக்க ஸெர்க்கா ஓர் ஏ.டி.பி. மூலக்கூறைச் செலவிடுகிறது. ஆகவே, இரு துடிப்புகளுக்கிடையே இருதயம் ஓய்வு கொள்கிறது என்று வகுப்பில் நாம் கூறுவது சரியன்று. தளர்வதற்கும் அது சக்தியைச் செலவிட்டாக வேண்டும்.

முதுமையில் முதலில் குறைபடுவது இந்தத் தளரும் வேலையே. வயதான எலிகளின் இருதயத்தில் ஸெர்க்காவின் வேகம் குன்றியிருப்பது பல ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. ஸெர்க்காவை அடக்கிவைக்கும் பாஸ்போலாம்பன் என்னும் புரோட்டீன், அதனுடன் ஒப்பிடுகையில் விகிதத்தில் மிகுந்திருப்பதும் உண்டு. சேமிப்பறையின் வாயில்கள் முற்றும் மூடாமல் கால்ஷியம் கசியவும் கூடும். அக்கசிவு முறைதவறிய துடிப்புகளுக்கு இடமளிக்கிறது. எலியின் இருதயம் மனித இருதயத்தைவிட மிகுதியாக ஸெர்க்காவையே நம்பியிருப்பதால், எலியில் கண்ட அளவுகளை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிடலாகாது. எனினும் விளைவு ஒத்திருக்கிறது. ஓய்வாயிருக்கும் முதியவரின் இருதயம் இரத்தத்தை வெளியேற்றும் திறன் பெரிதும் குறைவதில்லை. ஆனால் கீழறை தளர்ந்து தொடக்கத்தில் நிரம்பும் வேகம், 20 வயதிற்கும் 80 வயதிற்கும் இடையே ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. இரத்தக் குழாய்களும் இருதயச் சுவரும் விறைப்படைவதும் இதற்கு ஒரு காரணமே.

ஒரு சிறு கணக்கு இதனை விளக்கும். நிமிஷத்திற்கு 70 முறை துடிக்கும்போது, ஒரு துடிப்பிற்கு 0.86 விநாடி கிடைக்கிறது. 120 முறையானால் 0.5 விநாடியே. குறைவது பெரும்பாலும் நிரம்புவதற்கான நேரம். இளமையில் உழைப்பின்போது சுரக்கும் அட்ரினலின், பாஸ்போலாம்பனின் பிடியை விலக்கி ஸெர்க்காவை விரைவுபடுத்துகிறது. முதுமையில் அட்ரினலினுக்கு இருதயம் இணங்குவதும் குறைகிறது. நேரம் சுருங்கும் அவ்வேளையில் கீழறை நன்கு தளராவிடின், அதனுள் அழுத்தம் உயர்ந்து, அவ்வழுத்தம் நுரையீரல் வரை பின்னோக்கிப் பரவும். மூச்சுத் திணறல் அதனால் நேர்வது.

கிராமங்களில் பணிபுரிவோர் இதனை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். முதியவர் ஒருவர் திண்ணையில் அமர்ந்திருக்கையில் நாடி ஒழுங்காகவும் வலிவாகவும் இருக்கலாம். அதை மட்டும் கண்டு, மேடேறும்போது அவருக்கு வரும் மூச்சிரைப்பை 'வயதின் இயல்பு' என்று தள்ளிவிடுவது பெருந்தவறு. மூச்சிரைப்பு புதிதாகத் தோன்றியிருந்தாலோ, படுத்தால் மிகுந்தாலோ, கால்கள் வீங்கியிருந்தாலோ, அவரைத் தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். அங்கே ஒலியலைச் சோதனையால் கீழறை நிரம்பும் விதத்தை அறியலாம்.

'இருதயத்திற்குக் கால்ஷியம் கெடுதல்' என்று கேள்விப்பட்டு, வீட்டிலுள்ள முதியோருக்குப் பாலையும் கேழ்வரகையும் நிறுத்திவிடுவோர் உண்டு. இரத்தத்திலுள்ள கால்ஷியத்தின் அளவைப் பாராதைராய்டு ஹார்மோன் குறுகிய எல்லைக்குள் காத்து நிற்கிறது. உணவில் குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்து ஈடுசெய்கிறது. மருத்துவர் வேறு காரணத்துக்காக விலக்கச் சொன்னாலன்றி, இவ்வுணவுகளை நிறுத்துவதால் எலும்புதான் நலியும். உயிரணுவினுள் உள்ள ஸெர்க்காவின் வேகம் அதனால் மாறப்போவதில்லை.