இன்சுலினை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. முதல் வகைச் சர்க்கரை நோய். எண்ணெயைக் குறைத்து, தினமும் ஓடவிட்டால் இன்சுலின் ஊசியை நிறுத்திவிடலாமா?
– வாசகி, பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்

பதில்: நிறுத்தவே கூடாதும்மா. இன்சுலின் சுரக்கும் செல்களை அவன் உடலின் எதிர்ப்பு சக்தியே அழித்துவிட்டது. ஊசி நின்றால் ஓரிரு நாளிலேயே கீட்டோன் அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தாகும். 1922-ல் டொரன்டோவில் முதல் ஊசி போடும்வரை இந்த நோயுள்ள குழந்தைகளைக் காப்பாற்ற வழியே இருக்கவில்லை.

எண்ணெயைக் குறைப்பதும் ஓட்டமும் நல்லவைதான். இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவும். ஆனால் சாப்பிட்டதும் ரத்தச் சர்க்கரையை முக்கியமாக ஏற்றுவது மாவுச்சத்துதான். நம்மூர்க் கேழ்வரகுக் களியில் கொழுப்பு சொற்பம். மாவுச்சத்தோ 100 கிராம் மாவில் சுமார் 70 கிராம். களி உருண்டையின் அளவை மருத்துவரிடம் சொல்லி, அதற்கேற்ற ஊசி அளவைக் கேளுங்கள். ஓடுவதற்கு முன் ரத்தச் சர்க்கரை அளவைப் பாருங்கள். கை நடுங்கி வியர்த்தாலோ, அளவு 70-க்குக் கீழே இறங்கினாலோ உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பள்ளி விளையாட்டு ஆசிரியரிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.